நீர்ப்பல்லியின் பெத்லகேம்

பெங்களூர் ஜீவனஹள்ளியில் அலெக்சாண்டரை எல்லோருக்கும் இரண்டாம் பரிசுக்காரராகத்தான் தெரியும். அந்தப் பகுதிப் பங்குக் கோயிலில் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வீட்டுக் குடில் போட்டி வைப்பார்கள். நடுவர்கள் வீடு வீடாக வந்து, குடிலைப் பார்த்து, கொடுத்த கேக்கைத் தின்று, மதிப்பெண் போட்டுவிட்டுப் போவார்கள். முதல் பரிசு எப்போதும் எலெக்ட்ரிக் கடை பால்ராஜுக்கு. அவர் குடிலில் நட்சத்திரம் சுழலும், ஒட்டகம் தலையாட்டும், பெத்லகேமைச் சுற்றி ரயில் ஓடும். அங்கே ரயில் எப்படி வந்தது என்று எந்த நடுவரும் கேட்டதில்லை. அலெக்சாண்டர் ராகியை முளைக்கவைத்துப் புல்வெளி போடுவார், காகிதத்தைக் கசக்கிச் சாயம் பூசி மலை செய்வார், ஆட்டுக்குட்டிகளை உயர வரிசையில் நிறுத்துவார். பரிசளிப்பில் "அடக்கமான, பக்தியான முயற்சி" என்று சொல்லி அவர் கையில் ஒரு டிபன் கேரியரைக் கொடுப்பார்கள். வீட்டுப் பரணில் பிரிக்காத டிபன் கேரியர்கள் அடுக்கிக் கிடந்தன.

அவர் வேலை பார்த்தது ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில். தீபாவளி முடிந்த சமயம், பக்கத்து மேஜை மமதா ஜெர்மனிக்கு வேலை கிடைத்துக் கிளம்பினாள். கடைசி நாளன்று, மூடியில் துளை போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"அலெக்ஸ் சார், இதை உங்ககிட்ட விட்டுட்டுப் போறேன். எல்லாரையும் கேட்டுட்டேன். நோ சொல்லத் தெரியாதவர் ஆபீஸ்ல நீங்க ஒருத்தர்தான்."

டப்பாவில் கொஞ்சம் தண்ணீர், அதில் விரல் நீளத்துக்குக் கறுப்பாக ஒன்று. நான்கு கால், தட்டையான வால். மமதா டப்பாவை உயரத் தூக்கி அடிப்பக்கத்தைக் காட்டினாள். வயிறு மட்டும் குங்குமச் சிவப்பு.

"பல்லியா?"

"ஐயோ, பல்லின்னு சொல்லாதீங்க சார். நியூட். தண்ணியிலயும் இருக்கும், தரையிலயும் ஏறும். தவளைக்குச் சொந்தம். சூடு மட்டும் ஆகவே ஆகாது. நல்லா பார்த்துக்கிட்டா பத்து பதினஞ்சு வருஷம் இருக்கும்."

"பதினஞ்சு வருஷமா?"

மமதா அதற்குள் அடுத்த மேஜைக்காரியைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தாள்.

அலெக்சாண்டரின் மனைவி மரியா ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருப்பவள். ரத்தம், சளி எதற்கும் முகம் சுளிக்க மாட்டாள். பல்லிக்கு மட்டும் நாற்காலியில் ஏறி நிற்பாள்.

"என்னங்க இது? ஸ்வீட் பாக்ஸ் குடுத்தாங்களோன்னு பார்த்தா பல்லியைக் கொண்டாந்து வெச்சிருக்கீங்க!"

"பல்லி இல்ல மரியா. தவளைக்குச் சொந்தம்."

"அப்ப இன்னும் மோசம்."

அன்றே அவள் கைப்பேசியில் தேடி, அதன் தோலில் விஷம் இருக்கிறது, தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்று கண்டுபிடித்தாள். கழுவாத கையோடு அரிசி டப்பாவைத் தொடக்கூடாது, தன்னையும் தொடக்கூடாது என்று சட்டம் போட்டாள். நியூட்டை ஒரு அகலமான டப்பில் விட்டு, வீட்டிலேயே குளிர்ச்சியான இடமான, சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டியின் அடியில் வைத்தார்கள்.

அது தற்காலிக ஏற்பாடு என்றார் அலெக்சாண்டர். இணையத்தில் வெள்ளைக்காரர்கள் நியூட்டுகளுக்குக் கட்டியிருந்த வீடுகளைப் பார்த்த பிறகு அவரால் டப்பைப் பார்க்க முடியவில்லை. பாசி படர்ந்த பாறை, சொட்டுகிற அருவி, காலை வெளிச்சம், மாலை வெளிச்சம். ஜீவனஹள்ளியில் அவர் குடியிருந்த முதல் மாடி வீட்டில் அத்தனை வசதி அவருக்கே கிடையாது. ஒரு ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்.

கண்ணாடிக் கடையில் அளவு கொடுத்துத் தொட்டி செய்யச் சொன்னார். வந்து இறங்கியபோது அது டிவி இருந்த இடத்தைத் தவிர வேறெங்கும் அடங்கவில்லை. டிவி படுக்கையறைக்குப் போனது. ஒட்டின பசையின் புளித்த நெடி போகிறவரை வீட்டில் ஊறுகாய் ஜாடி உடைந்த மாதிரி இருந்தது. பிறகு தண்ணீர் ஊற்றுவது, கழுவுவது, மறுபடி ஊற்றுவது. குழாயில் காவிரி வருகிற நாட்களில் மரியா துணி துவைக்கக் காத்திருப்பாள். அவர் தொட்டிக்குப் பிடித்து, குளோரின் போகட்டும் என்று பக்கெட் பக்கெட்டாக ஆறவைப்பார்.

"மனுஷங்க குளிக்கத் தண்ணி இல்ல. அதுக்கு ஆற வெச்ச தண்ணி."

"ரெண்டு நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ மரியா."

தொட்டியின் ஒரு பக்கம் கற்களை அடுக்கிக் கரை ஆக்கினார். மறுபக்கம் தண்ணீர். நடுவில் சரிவாகக் கூழாங்கல், நியூட் ஏறி இறங்க. ஓரமாக மூன்று தட்டைக் கற்களைச் சாய்த்துப் பசையால் ஒட்டி ஒரு குகை. மீன் கடையில் வாங்கிய நீர்ப்பாசியை நூலால் கல்லோடு கட்டினார். தண்ணீருக்கு மேலே பெரணிச் செடி வைத்தார். மணி பிளாண்ட்டின் வேரைத் தண்ணீரில் தொங்கவிட்டார். ஒரு சின்ன மோட்டாரால் பின்பக்கக் கல்லிலிருந்து தண்ணீர் சொட்டவைத்தார். நியூட் சுவர் ஏறித் தப்பிக்கும் என்று படித்திருந்ததால் மேலே கம்பிவலை மூடி. எல்லாம் முடிந்து டப்பைத் தூக்கப் போனவரை மரியா தடுத்தாள்.

"விடாதீங்க. தண்ணி இன்னும் பழகல. நல்ல கிருமி வளரணும். இல்லேன்னா அது கழிக்கிறதே அதுக்கு விஷமாயிடும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நானும் படிச்சேன்." சொல்லிவிட்டு அவள் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, கடையில் விற்கிற சோதனைச் சொட்டு மருந்தை விட்டு, வெளிச்சத்தில் நிறம் பார்த்தாள். "பச்சை. மஞ்சளாகட்டும். அப்புறம் விடலாம்."

அதிலிருந்து தினமும் வேலையிலிருந்து வந்ததும் நிறம் பார்ப்பது அவள் பொறுப்பானது. நியூட்டுக்கான உறைந்த புழுக்கட்டிகள் ஃப்ரீசரில் வஞ்சிர மீனுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அலெக்சாண்டர் தரையில் ஒருக்களித்துப் படுத்து, தொட்டியைத் தாழ்வாகப் பார்த்தார். பாசி பிடித்த குகை, முன்னால் புல் மாதிரி தழைத்த செடி, பின்னால் சொட்டும் தண்ணீர். அவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

"நீங்க என்ன யோசிக்கிறீங்கன்னு தெரியும்," என்றாள் மரியா. "வேணாம்."

"பால்ராஜ் அண்ணா ஜென்மத்துக்கும் இந்த மாதிரி மலை செய்ய முடியாது."

"பெத்லகேம்ல பல்லி இருந்துச்சா?"

"பெத்லகேம்ல ரயில் இருந்துச்சா?"

மரியா கண்ணாடிக் குழாயை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனாள்.

மண் சுரூபங்கள் ஈரத்தில் கரைந்துவிடும் என்று பிளாஸ்டிக் சுரூபங்களாக வாங்கினார். குகைக்குள் மாதாவும் சூசையப்பரும். வெளியே இடையர்கள், தண்ணீரின் ஓரத்தில் மூன்று ராஜாக்கள். நடுவில் வைக்கோல் போட்ட தீவனத் தொட்டி, வழக்கப்படி காலியாக. குழந்தை இயேசுவைக் கிறிஸ்துமஸ் ராத்திரிதான் வைப்பார்கள். தண்ணீர் மஞ்சள் காட்டிய அன்று மரியாவே கையுறை மாட்டிக்கொண்டு நியூட்டை விட்டாள். அது நேராகத் தண்ணீருக்குள் போய், பாசிக்குள் நுழைந்து, காணாமல் போயிற்று.

அடுத்த நாளும் காணோம். குடில் பார்க்க வந்தவர்கள் பாசியைப் பார்த்தார்கள், பெரணியைப் பார்த்தார்கள், "ஏதோ பிராணி இருக்குன்னாங்களே?" என்று கேட்டார்கள். அலெக்சாண்டர் ஒரு இலையைக் காட்டுவார். அவர்களும் இலையைப் பார்த்து "ஆமா, ஆமா" என்பார்கள். நியூட்டுக்கு இவ்வளவு நல்ல வீடு கட்டியதன் பலன், அது வெளியே வர வேண்டிய அவசியமே இல்லாமல் போனதுதான்.

கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால் நடுவர்கள் வந்தார்கள். ஒருவர் புதிதாக மாற்றலாகி வந்த பங்குத்தந்தை ஃபாதர் ஜாய்சன். சின்ன வயது. எந்தப் பிரசங்கத்தை ஆரம்பித்தாலும் பெங்களூர் ஏரிகளில்தான் கொண்டுபோய் முடிப்பார். இன்னொருவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை நோரா டீச்சர். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டேதான் எந்த வீட்டுக்குள்ளும் நுழைவார்.

"அலங்கார விளக்கு இல்லையா?" என்றார் நோரா டீச்சர்.

"சூடு ஆகாது டீச்சர்."

"யாருக்கு?"

அலெக்சாண்டர் பதில் சொல்வதற்குள் ஃபாதர் "ஷ்..." என்றார். பாசி அசைந்தது. கறுப்பாக ஒரு தலை வந்தது, பிறகு இரண்டு கால். தண்ணீர் சொட்ட அது கரையேறியது. மூன்று ராஜாக்களுக்கு நடுவில் புகுந்து, ஒரு ராஜாவின் தூபத்தைத் தட்டிவிட்டு, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து நடந்தது. வைக்கோல் போட்ட தீவனத் தொட்டியில் ஏறி, உடம்பைச் சுருட்டி, மாதாவின் முகத்தைப் பார்த்தபடி படுத்துக்கொண்டது.

மரியா கண்ணை மூடிக்கொண்டாள். நோரா டீச்சர் நெற்றியில் சிலுவை போட்டார். அலெக்சாண்டருக்குத் தன் வீட்டில் இன்னொரு டிபன் கேரியர்கூட வராது என்று தெரிந்துவிட்டது.

"பிரமாதம்," என்றார் ஃபாதர்.

"ஃபாதர்?"

"மனுஷன் இடம் குடுக்கல. படைப்பு இடம் குடுக்குது. எவ்வளவு ஆழமா யோசிச்சிருக்கீங்க அலெக்சாண்டர்! இதுக்கு எவ்வளவு நாள் பழக்கினீங்க?"

அலெக்சாண்டர் மரியாவைப் பார்த்தார். மரியா கூரையைப் பார்த்தாள். "கொஞ்ச நாள் ஆச்சு ஃபாதர்," என்றார். நோரா டீச்சர், ஃபாதர் எழுதியதை எட்டிப் பார்த்துவிட்டு அதே எண்ணை எழுதினார்.

கிறிஸ்துமஸ் பூசையின் முடிவில் முதல் பரிசு அலெக்சாண்டர் குடும்பத்துக்கு என்று அறிவித்து ஒரு ஷீல்டைக் கொடுத்தார்கள். பால்ராஜ் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கைதட்டினார். அதற்குள் பங்கின் வாட்ஸ்அப் குழுவில் சண்டை ஆரம்பித்திருந்தது. ஏவாளை ஏமாற்றியது இந்த இனம்தானே என்று ஒருவர் கேட்டார். அது பாம்பு, இதற்குக் கால் இருக்கிறது என்று இன்னொருவர் சொன்னார். பாம்புக்கும் முதலில் கால் இருந்தது, சாபத்தில்தான் போனது என்றார் முதலாமவர். கடைசியில் யாரோ கேக் படம் போட்டு, எல்லோரும் வாழ்த்துச் சொல்லிக் கலைந்தார்கள்.

அலெக்சாண்டருக்குத் தெரியாத ஒரு விதி இருந்தது. இரண்டாம் பரிசிலேயே காலம் தள்ளியவர் என்பதால் அதைப் படித்ததே இல்லை. முதல் பரிசு பெற்ற குடிலை, ஜனவரியில் வரும் மூன்று ராஜாக்கள் திருநாள் வரைக்கும் கோயிலில் வைக்க வேண்டும்.

"தொட்டி போகட்டும்," என்றாள் மரியா. "அது போகாது."

"உயிருள்ள குடில்னு ஃபாதர் மைக்ல சொல்லிட்டாரு மரியா."

"ஸ்பீக்கர் பக்கத்துல, ஃபோகஸ் லைட் கீழ, ஊர்ப் பசங்க எல்லாம் கண்ணாடியைத் தட்டுவானுங்க. ஒரே நாள்ல செத்துடும். உங்களுக்கு ஷீல்டு வேணும்னா நீங்க போய் அந்தத் தொட்டியில உக்காருங்க."

பல்லிக்கு நாற்காலியில் ஏறுகிறவள் இதைச் சொல்லிவிட்டு, நியூட்டைப் பழைய டப்பில் விட்டுச் சமையலறைத் தொட்டியின் அடியில் தள்ளினாள். தண்ணீரைப் பாதி இறைத்து, பெத்லகேமைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றி, நான்கு பேர் கை கொடுத்துக் கோயிலில் இறக்கினார்கள். கோயில் வாசலில் பண்டிகைக் கடை போட்டிருந்தார்கள். பலூன், ஊதல், முகமூடி, ரப்பர் தேள், ரப்பர் பல்லி. அலெக்சாண்டர் அந்தக் கடையை ஒரு தடவை தாண்டிப் போனார். இன்னொரு தடவை தாண்டி வந்தார். மூன்றாவது தடவை நின்றார்.

மரியாவின் நகப் பூச்சில் ரப்பர் பல்லியின் வயிற்றைச் சிவப்பாக்கிப் பாசிக்குள் பாதி மறைய வைத்தார். முதல் நாள் பயத்தில் தூணுக்குப் பின்னாலேயே நின்றார். ஆனால் கூட்டம் அலைமோதியது. வீட்டில் உண்மையான நியூட்டைத் தேடி அலுத்துப்போனவர்கள் இங்கே ஒரே பார்வையில் கண்டுபிடித்து மகிழ்ந்தார்கள். "மூச்சு விடுது பாரு," என்றார் ஒருவர். "என்னைப் பார்த்துக் கண்ணு சிமிட்டுச்சு," என்றாள் ஒரு பெண். நோரா டீச்சர் மறைக்கல்விப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, அது தோலாலும் சுவாசிக்கும் என்று விளக்கி, அசைகிற தோலைக் குச்சியால் சுட்டிக்காட்டினார். பாவம் பசிக்குமே என்று யாரோ மூடியைத் தூக்கி ஒரு துண்டு கேக் போட்டார்கள். அதைப் பார்த்து மற்றவர்கள் கல்கல், ரோஸ் குக்கி, முறுக்கு என்று கிறிஸ்துமஸ் பலகாரம் எல்லாம் போட்டார்கள். தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது. பாசி அழுகியது. புத்தாண்டுப் பூசையில் ஃபாதர் ஜாய்சன் அந்தத் தொட்டியின் பக்கத்தில் நின்று, உயிருள்ள படைப்பை நாம் எப்படிக் காப்பாற்ற வேண்டும் என்று உருக்கமாகப் பேசினார். பேச்சு ஏரிக்குப் போவதற்குள்ளேயே பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பூசை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு பால்ராஜ் வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தொட்டியைக் குனிந்து பார்த்தார்.

"தம்பி, வந்த நாள்லேருந்து உன் பல்லி ஒரே காலைத் தூக்கிக்கினே நிக்குது."

அலெக்சாண்டர் தொட்டியை மறைத்து நின்றார். "அண்ணா..."

"பயப்படாதே. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்." பால்ராஜ் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "என் ஒட்டகத்தோட மோட்டார் பொகஞ்சு போயி ரொம்ப நாளாச்சு. நடுவர் வரப்போ என் மச்சான் கர்ட்டனுக்குப் பின்னால உக்காந்து நூலை இழுப்பான். இந்த வருஷம் தூங்கிட்டான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனால் வீட்டுக்கு நடக்கும்போது அலெக்சாண்டருக்குச் சிரிப்பு தங்கவில்லை. பதினைந்து வருஷம் வாழக்கூடிய ஒரு உயிருக்காகக் கட்டிய வீட்டில் முறுக்கு ஊறிக்கொண்டிருந்தது. அந்த உயிர் சமையலறைத் தொட்டியின் அடியில் இருந்தது. மறுநாள் அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டு ஃபாதரைப் பார்க்கப் போனார்.

"ஃபாதர், அது ரப்பர்."

ஃபாதர் ஜாய்சன் எழுந்து கதவைச் சாத்தினார்.

"எப்பலேருந்து?"

"கோயிலுக்கு வந்ததுலேருந்து. நீங்க வீட்ல பார்த்தது உயிர் உள்ளதுதான். ஆனா நான் அதைப் பழக்கல, ஃபாதர். அதுவா வந்து படுத்துக்கிச்சு. பரிசைத் திருப்பிக் குடுத்துடறேன்."

"அவசரப்படாதீங்க. மறைமாவட்டப் பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்பிட்டேன். அட்டைப்படம் அதான்." ஃபாதர் கைப்பேசியில் அந்தப் படத்தை எடுத்து நீட்டினார். "அட்டைப்படத்துல எது இருக்குது? ரப்பரா, நிஜமா?"

"ரப்பர்."

"தெளிவா வந்திருக்கா?"

"நல்லா வந்திருக்கு ஃபாதர்."

"அப்ப மூணு ராஜாக்கள் திருநாள் வரைக்கும் இருக்கட்டும்," என்றார் ஃபாதர்.

திருநாள் முடிந்து தொட்டி வீடு திரும்பியபோது அதிலிருந்து வந்த நாற்றத்தில் கீழ் வீட்டுக்காரர்கள் சாக்கடைதான் உடைந்துவிட்டது என்று மாநகராட்சிக்குப் போன் செய்தார்கள். அலெக்சாண்டர் கற்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தேய்த்தார். சுரூபங்களைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். அழுகியதை எறிந்துவிட்டுப் புதிய பாசி கட்டினார். குகையைப் பெயர்த்து, நியூட் ஒன்று மட்டும் நுழைகிற அளவுக்குச் சின்னதாகச் செய்தார். மரியா மறுபடி கண்ணாடிக் குழாயை எடுத்தாள். பச்சை, வெளிர்பச்சை, பச்சை. இந்தத் தடவை தண்ணீர் பழகுகிறவரை அவர் யாரையும் கூப்பிடவில்லை, படமும் எடுக்கவில்லை. ஒரு மாலை அவள் "மஞ்சள்" என்றாள். டப்பைக் கொண்டுவந்து தொட்டியில் சாய்த்தார்கள். அது வழக்கம் போலக் காணாமல் போயிற்று. இரண்டு பேரும் டிவி இல்லாத கூடத்தில் தரையில் உட்கார்ந்து, அது போன இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டை ஆசீர்வதித்து மந்திரிக்க ஃபாதர் ஜாய்சன் வந்தபோது மாசி பிறந்திருந்தது. ஒவ்வொரு அறையிலும் தீர்த்தம் தெளித்துக்கொண்டே கூடத்துக்கு வந்து தொட்டியின் முன்னால் நின்றார். கல்லின் மேலே நியூட் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"இது எது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நிஜம், ஃபாதர்."

ஃபாதர் பார்த்தார். அது அசையவில்லை. இன்னும் குனிந்து பார்த்தார். "அலெக்சாண்டர், நம்ம ரெண்டு பேருக்குள்ளதான். சொல்லுங்க."

"சத்தியமா நிஜம், ஃபாதர்."

ஃபாதருக்கு நம்பிக்கை வரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் கடமையைச் செய்யத் தீர்த்தச் செம்பில் கையை விட்டு, தொட்டிக்கு மேலே ஓங்கினார்.

"ஃபாதர், ஃபாதர்!" மரியா ஓடி வந்து அவர் கையைப் பிடித்தாள். "தீர்த்தத்துல உப்புப் போட்டிருக்கீங்கதானே? அதுக்கு உப்பு ஆகாது. தோல் எரியும்."

பங்குத்தந்தையின் கையை ஜீவனஹள்ளியில் அதுவரை யாரும் அப்படிப் பிடித்ததில்லை. ஃபாதர் கையை மெல்ல விடுவித்து, அங்கியில் துடைத்து, வெறும் கையால் காற்றில் ஒரு சிலுவை போட்டார்.

மரியா ஒரு புழுவை இடுக்கியில் எடுத்துக் கல்லுக்குப் பக்கத்தில் நீட்டினாள். நியூட் தலையைத் திருப்பியது, கொஞ்சம் யோசித்தது, லபக்கென்று கவ்வியது. ஃபாதர் ஒரு அடி பின்வாங்கி, செம்பிலிருந்த தீர்த்தத்தில் பாதியை அலெக்சாண்டரின் மேலே கொட்டினார்.